ஆய்வுக்கு வந்தவள்

"மொத்தமே மூணு பேர்தான் வேலை பார்க்கிறீங்களா? இதுக்கு எதுக்கு ஒரு ஆபீஸ்?"

விஜயராணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த லூர்துராணிக்குச் சுருக்கென்றது.

"பத்துப் பேர் இருந்தோம் மேடம். வெளிநாட்டு நிதி நின்னதும் சம்பளம் கொடுக்க முடியல. போனவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. மிச்சம் இருக்கற நாங்க மூணு பேரும் ஒரு வருஷமா சம்பளம் வாங்கல."

விஜயராணியின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பக்கத்தில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்த பாலமுரளிதான் அதை அவசரமாகத் தட்டிக்கொண்டார். இருவரும் ஓர் அறக்கட்டளையின் சார்பில் சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள். நிதி கொடுப்பதும் கொடுக்காததும் இவர்கள் எழுதுவதில் இருந்தது.

மேலப்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன அமைப்பு, கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களை மீட்கிற வேலையைப் பல வருடங்களாகச் செய்துவந்தது. லூர்துராணிதான் அதன் தலைவி. இப்போது கையில் எதுவும் இல்லை. இந்த நிதி வராவிட்டால் மாதக் கடைசியில் கதவைப் பூட்ட வேண்டியதுதான். பூட்டினால், முசிறிப் பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து போன மாதம் மீட்டு வந்த குடும்பங்களுக்குச் சோறு போட ஆள் கிடையாது, வழக்கு நடத்தவும் ஆள் கிடையாது. சூளை முதலாளி வண்டி அனுப்பத் தயாராக இருந்தார். ஏறிப் போய்விடுவார்கள். பசி யாரைத்தான் விட்டது?

"வக்கீலுக்கு எவ்வளவு குடுக்கிறீங்க?"

"பஸ் காசுகூட வாங்க மாட்டாரு மேடம்."

"நம்பற மாதிரி இல்லையே."

"கோர்ட்டுல யாரை வேணா கேட்டுப் பாருங்க."

பாலமுரளி அதையும் தட்டிக்கொண்டார். டீ போடுகிற சாக்கில் லூர்துராணி எழுந்து உள்ளே போனார். கணக்கு பார்க்கும் ஜெபராஜ் பின்னாலேயே வந்தார்.

"என்னக்கா, இந்தம்மா இப்படிக் குடையுது?"

"அது யாருன்னு தெரியுதா? நம்ம விஜி." லூர்துராணி பாலை அடுப்பில் வைத்தார். "உப்பிலியபுரம் சூளையில எட்டு வயசுல செங்கல் சுமந்துச்சே, அந்தப் புள்ள. நெத்தியில தீக்காயம் அப்படியே இருக்கு பாருங்க."

"அட மாதாவே! அப்ப நம்ம பொண்ணுதானேக்கா! ஒரு வார்த்தை சொன்னா காரியம் முடிஞ்சுது!"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவளுக்கு என் முகம் தெரியாமலா இருக்கும்? வந்ததுலேருந்து மேடம் மேடம்ங்கறா. நெனப்பு இருந்தா அவளே அக்கான்னு கூப்பிடட்டும்."

"பெரிய எடத்துக்குப் போயிட்டா அப்படித்தான்க்கா. மனசுல வச்சுக்காதீங்க. நமக்குக் காரியம் ஆகணும்."

மனசில் வைத்துக்கொள்ளாமல் இருக்கலாம்தான். ஆனால் அந்தப் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அது அவ்வளவு சுலபமா? பால் பொங்கி அடுப்பில் வழிந்ததை ஜெபராஜ்தான் பார்த்து அணைத்தார்.

திரும்பி வந்து லூர்துராணி டம்ளரை நீட்டினார். விஜயராணி அதை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"கடைசியா ஒண்ணு மேடம். நீங்க மீட்கறவங்க கொஞ்ச நாள்ல திரும்பவும் சூளைக்கே போயிடறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் உங்க வேலையால என்ன பிரயோஜனம்?"

பாலமுரளி விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு லூர்துராணியைப் பார்த்தார்.

பதில் இல்லாமல் இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, பெரியவர்களுக்கு வேறு வேலை பிடித்துக் கொடுப்பது, வருடக்கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவருவது, திரும்பிப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது எல்லாமே நுனி நாக்கில் இருந்தது. ஆனால் மனசு அதற்குள் உடைந்துவிட்டது. யார் கேட்கிற கேள்வி இது!

"திரும்பிப் போகாதவ ஒருத்தி இங்கயே உக்காந்திருக்கா, அவளைக் கேளுங்க தம்பி!" லூர்துராணி வெடித்தார். "இவளை உப்பிலியபுரத்துலேருந்து இடுப்புல தூக்கிட்டு வந்தவ நான். காலேஜ் முடிக்கிற வரைக்கும் எங்க பொறுப்புலதான் இருந்தா. இன்னிக்கு நான் யாரோ ஒரு மேடம்! என் வேலையால பிரயோஜனம் இல்லையாம்!"

ஜெபராஜ் நிம்மதியாக மூச்சு விட்டார். எப்படியோ விஷயம் வெளியே வந்துவிட்டது, இனி நல்லதுதான் நடக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

பாலமுரளி தட்டுவதை நிறுத்தினார். "மேடம், இது உண்மையா?"

விஜயராணி லூர்துராணியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "உண்மைதான்" என்றாள்.

"அப்ப நீங்க இந்த ஆய்வுக்கே வந்திருக்கக் கூடாதே!" பாலமுரளி லூர்துராணியின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. "மன்னிச்சுக்குங்கம்மா. ஆய்வுக்கு வர்றவங்களுக்கும் நிதி கேக்கறவங்களுக்கும் முன்னப் பின்ன பழக்கம் இருக்கக் கூடாது. இருந்தும் மறைச்சாங்கன்னா விண்ணப்பம் ரத்து. எங்க விதி அது. இனிமே அடுத்த வருஷம்தான் நீங்க கேக்க முடியும். மேடத்தை வேலையில வச்சிருப்பாங்களான்னே எனக்குத் தெரியல."

அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டு, போன் பேசுவதற்காகப் படியிறங்கிப் போனார்.

லூர்துராணி அப்படியே நின்றார். முசிறிக் குடும்பங்களிடம் போய் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

விஜயராணி ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"வேற யாரு வந்திருந்தாலும் மூணு பேர் இருக்கற ஆபீஸைப் பார்த்ததுமே திரும்பியிருப்பாங்க. அதான் நானே வந்தேன்" என்றாள். "எல்லாமே உங்ககிட்ட நல்ல பதில் இருக்கற கேள்வியாப் பார்த்துத்தானே கேட்டேன், அக்கா?"