கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்

வெண்டைக்காயைக் கையால் ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள் மாடத்தி.

பக்கத்தில் நாலு வெங்காயம். தம்ளர் அடியால் நசுக்கி வைத்திருந்தாள்.

அதைப் பார்த்ததும் எவாஞ்சலினின் கண் கத்தியைத் தேடியது. பிள்ளையை எடை போட வந்த நர்சுக்கு வெங்காயத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எல்லாம் போன வாரம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த பயிற்சி வகுப்பு செய்த வேலை.

"பிள்ளை பெத்த வீட்ல கத்தி கண்ணுல படலைன்னா கவனிங்க" என்று சொல்லியிருந்தார் டாக்டர் செல்வலட்சுமி. "பிள்ளையை ஏதாவது பண்ணிடுவோமோன்னு பயந்து அவளே ஒளிச்சு வச்சிருப்பா. அப்படி நடுங்குறவகிட்ட உட்கார்ந்து பேசுங்க. நடுக்கமே இல்லாம, யாரோ சொல்றாங்கன்னு ஒருத்தி சொன்னா, அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. எதுவா இருந்தாலும் வாயைத் திறந்து கேளுங்க. கேட்காம எழுந்திருக்காதீங்க."

சொல்வதற்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெற்றவளிடம் போய், உன் பிள்ளையை நீயே ஏதாவது செய்துவிடுவாயோ என்று எந்த வாயால் கேட்பது? செருப்பு பிய்ந்துவிடாதா?

வல்லம் வடகாலில் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை அறைகளில் கடைசி அறை அது. புருஷன் கொம்பையா பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான். பிரசவம் பார்க்க வந்த அம்மாக்காரி ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்குத் திரும்பிவிட்டாள். இனி சாயந்தரம் கம்பெனி பஸ் வந்து நிற்கும்வரை இவளும் பிள்ளையும்தான்.

பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம் பிள்ளைய மடில வச்சிருங்கக்கா" என்றாள் மாடத்தி. எவாஞ்சலின் உள்ளே நுழையும்போதும் இதையேதான் சொன்னாள்.

"தூங்குற புள்ளைய இன்னாத்துக்கு எழுப்பிக்கினு? வுடு. அப்புறம் எடை போட்டுக்கலாம்."

வாய் அதைச் சொல்லிவிட்டது. கண் அறையைத் துழாவிக்கொண்டே இருந்தது. அடுப்பு மேடையில் கத்தி இல்லை. தட்டு அடுக்குக்குப் பின்னாலும் இல்லை. ஏசுவே, நான் நினைக்கிறது நிஜமாக இருக்கக் கூடாது.

"இன்னா மாடத்தி, வூட்ல ஒரு கத்திகூட இல்லியா?" சிரித்த மாதிரிதான் கேட்டாள்.

"இருக்கேக்கா. பிள்ள தலைமாட்டுல இருக்கு."

எவாஞ்சலினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அட, இவ்வளவுதானா! தெற்கத்திப் பிள்ளைகள் குடியிருக்கும் அறைகளில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். பச்சைப் பிள்ளை படுக்கிற இடத்தில் ஏதாவது இரும்பு கிடக்கும். கத்தி, அரிவாள், ஒன்றும் இல்லாவிட்டால் பூட்டுச் சாவி. காத்து கருப்பு அண்டாமல் இருக்கவாம். இந்த வீட்டில் இருப்பதே ஒரு கத்தி. அது காவலுக்குப் போய்விட்டது, வெண்டைக்காய் கைக்கு வந்துவிட்டது. இதற்குப் போய் இப்படி வேர்த்துக் கொட்டினேனே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

பிள்ளை எழுந்ததும் வந்து எடை போட்டுக்கொள்ளலாம். அடுத்த தெருவில் ஒரு தடுப்பூசி பாக்கி இருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டி வாசல்வரை போனாள். ஒரு கால் செருப்பையும் போட்டாயிற்று.

"பிள்ளைய மடில வச்சிருங்களேன்க்கா. கொஞ்ச நேரந்தான்."

"அப்பால வரேன்டி" என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். கேட்காமல் எழுந்திருக்காதீர்கள் என்றார்களே. எழுந்து செருப்பும் போட்டாயிற்று.

கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

செருப்பை உதறிவிட்டுத் திரும்பி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். 

"மாடத்தி, தப்பா எடுத்துக்காத. புள்ளைய ஏதாவது பண்ணிடுவோமோன்னு உனக்கு எப்பவாவது தோணுதா?"

மாடத்தி கோபப்படவில்லை. அழவும் இல்லை. இன்னொரு வெண்டைக்காயை எடுத்து, முற்றலா என்று நுனியை ஒடித்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தோணலக்கா. அந்தச் செவுத்துக்குள்ள ஒரு பொம்பள இருக்கா. அவதான் சொல்லிக்கிட்டே இருக்கா. கத்திய பிள்ள தலைமாட்டுல வைக்கச் சொன்னதும் அவதான்."

குரலில் துளி நடுக்கம் இல்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த அறையில் நடுங்கியது எவாஞ்சலின் மட்டும்தான். பாய்ந்துபோய் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். தலையணைக்கு அடியில் கை விட்டதும் கத்தி சில்லென்று தட்டுப்பட்டது. அதை எடுத்துத் தன் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்து மூடினாள். ஒரு கையால் மாடத்தியின் மணிக்கட்டைப் பிடித்தபடி, இன்னொரு கையால் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். தாயையும் பிள்ளையையும் சேர்த்தே கூட்டிப் போக வேண்டும் என்று சொல்வதற்குள் நாக்கு குழறிவிட்டது.

மாடத்தி கையை உதறிக்கொள்ளவில்லை. எத்தனையோ நாளாகத் தூங்காதவள்போலச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒங்க மடில இருக்கும்போது அவ பேச மாட்டேங்காக்கா. அதான் வந்ததுல இருந்து கேட்டேன், பிள்ளைய வச்சிருங்கன்னு."