கேலரி மேளம்

கால்பந்து மைதானத்துக்கு முதன்முதலாக டிவி கேமரா வந்தபோது, கேலரியில் இருந்த மேளத்துக்குத் தலைகால் புரியவில்லை. கேமரா தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் காது கிழிய முழங்கியது.

"உன் சத்தத்துக்குன்னே வெளிநாட்டுல எல்லாம் ஆட்டம் பாக்குறாங்க," என்றது கேமரா.

"இன்னும் நிறையப் பேரைக் கூட்டிட்டு வாண்ணே!" என்றது மேளம்.

கூட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் கேமரா சொன்னது: "இனிமே ஆட்டம் மத்தியானம் ரெண்டு மணிக்கு. அப்பத்தான் வெளிநாட்டுக்காரங்க வீட்ல இருப்பாங்களாம். விளம்பரம் குடுக்கிறவங்க பிடிவாதமா நிக்கிறாங்க."

"அந்த நேரத்துல நம்ம ஆளுங்க மில்லுல இருப்பாங்களேண்ணே?"

கேமரா கோல் கம்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.

இப்போதெல்லாம் ஆட்டம் நடக்கும் நேரத்தில், மேளம் அடிக்கும் சவரிமுத்து மில்லில் இருக்கிறான். மேளம் அவன் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. கீழே டிவியில் ஆட்டம் ஓடுகிறது. காலிக் கேலரியைக் காட்டாமல் கேமரா பந்தையே துரத்துகிறது. பழைய ஆட்டங்களில் பதிவுசெய்த ஆரவாரத்தை மைதானத்து ஒலிபெருக்கியில் போடுகிறார்கள்.

"அடேயப்பா, என்னா அடி! யாருப்பா அந்த மேளம்?" என்று வியந்தது டிவி.

"நான்தான்," என்றது ஆணியில் தொங்கிய மேளம்.