இதுல போடு

கோயில் கொடை விழாப் பந்தலில் பஞ்சாயத்து வைத்த மறுசுழற்சிப் பெட்டி, எதிரே நிற்பவரின் முகம் பார்த்து அவரவர் பிள்ளையின் குரலில் பேசும். போன வருடமே பள்ளிக்கூடத்தில் பதிந்த குரல்கள். யார் சொல்லியும் கேட்காத ஊர், பிள்ளைகள் சொன்னதும் கேட்டது. அன்னதானம் முடிந்தும் தரையில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர்கூடக் கிடக்கவில்லை.

செண்பகவல்லி காலி பாட்டிலோடு போய் நின்றாள்.

"யம்மா, இதுல போடு."

தை மாதம் காய்ச்சலில் போன மகள் இசைவாணியின் குரல். அதை அழிக்க யாருக்கும் நினைவில்லை.

போட்டாள். "நல்ல அம்மா. இன்னும் இருக்கா?"

கடைக்கு ஓடினாள். தண்ணீர் பாட்டில்களாக வாங்கி, தண்ணீரை மண்ணில் கவிழ்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டாள். கடையில் பாட்டில் தீர்ந்ததும் வீட்டிலிருந்த பிளாஸ்டிக்கையெல்லாம் அள்ளிவந்து போட்டாள். அதற்குள் பெட்டியை அடுத்த ஊர்க் கொடைக்கு ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது.

"யக்கா, கொஞ்சம் நகருங்க," என்றார் டிரைவர்.

"ஒரு நிமிசம் பொறுங்க தம்பி."

வீட்டில் பிளாஸ்டிக் என்று மிச்சமிருந்தது இசைவாணியின் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில் மட்டும்தான். மூடியில் அவள் கடித்த பல் தடம் இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"யம்மா, இதுல போடு."

போட்டாள். உள்ளே அது நொறுங்குவது கேட்டது.

"நல்ல அம்மா. இன்னும் இருக்கா?"