முடிவை வலுப்படுத்துவது எது?

“உன் பேரு இன்னாம்மா சொன்ன?”

“ஸ்வாதி, சார்.”

மணவாளன் சார் தலையை ஆட்டிவிட்டு எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். அவர் காட்டிய பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்து விட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள்.

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு ரீசனிங் படிக்க வேண்டுமென்றால் அம்பத்தூரில் மணவாளன் சாரைத்தான் சொல்வார்கள். பைக் விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து அவர் வகுப்பெடுப்பதில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் தங்கை அனுசுயா கெஞ்சிக் கேட்டதால், இந்த ஒரு மாணவிக்கு மட்டும் சாயங்காலத்தில் சொல்லித் தருகிறார். வயதில் அவளைவிட நாலைந்து வருஷம்தான் மூத்தவர்.

“கேட்டுக்கோ. பூந்தமல்லில புதுசா ஒரு ஜிம் தொறந்தாங்க. ஆறு மாசத்துல அந்தத் தெருவுல நிறைய பேர் இளைச்சுட்டாங்க. ஆகவே ஜிம் நல்லா வேலை செய்யுது. இதுல சொல்லாம விட்டது இன்னா?”

“இளைச்சவங்கதான் ஜிம்முக்குப் போனவங்கன்னு இவங்களா நினைச்சுக்கிட்டாங்க, சார்.”

“அதான். ஆளே வராம ஜிம் ஓனர் கவலையில இளைச்சிருக்கலாம். சரி, அடுத்தது. பாடில மேம்பாலம் வந்துச்சு. கீழ இருந்த துலுக்கானம் டீக்கடையில வியாபாரம் படுத்துடுச்சு. ஆகவே பாலம்தான் காரணம். இந்த முடிவைப் பலவீனப்படுத்துறது எது?”

“அதே சமயத்துல எதிர்ல இருந்த ஃபேக்டரியையும் மூடியிருந்தா, சார்.”

“கரெக்ட். இல்லன்னா?”

“துலுக்கானம் டீ போடுற வேலையைத் தன் மச்சான்கிட்ட விட்டிருந்தா.”

சார் வாய்விட்டுச் சிரித்தார். “இந்த மச்சான் பதிலை நான்தான் கிளாஸ்ல சொல்லுவேன். உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“எங்க வீட்டுக்காரர், சார்.”

“வெவரமான ஆளாட்டம் கீதே.”

“ஆமா சார். ரொம்ப.”

அனுசுயா டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஸ்வாதி புத்தகத்தை மூடினாள். “சார், இன்னொரு கேள்வி இருக்கு. புத்தகத்துல இல்ல. இந்த ஒண்ணுலதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். இதுக்கு விடை கிடைச்சுட்டா எனக்குப் போதும்.”

இதற்காகவே அவள் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டிருந்தாள். கேட்டுவிட வேண்டும் என்று வந்து, தைரியம் வராமல் திரும்பிப் போன சாயங்காலங்களும் உண்டு.

“சொல்லு, பார்த்துடலாம்.”

மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் போலச் சொன்னாள். “ஒரு வீட்டு வாசல்ல ஒரு பொண்ணு வந்து நிக்கிறா. பீரோ சாவி எங்க மாட்டியிருக்கும்னு வெளியே இருந்தே சொல்றா. மாடிப்படில எந்தப் படி உடைஞ்சிருக்குன்னு சொல்றா. ஹால் ஃபேனை மூணுல வச்சா சத்தம் போடும்னு சொல்றா. போய்ப் பார்த்தா எல்லாம் சரியா இருக்கு. ஆகவே அது அவ வீடு.”

“கேள்வி?”

“இந்த முடிவை வலுப்படுத்த இன்னும் என்ன வேணும், சார்?”

சார் கண்ணை மூடிக்கொண்டார். காதுக்கு மேலே தையல் போட்ட தழும்பை விரல் தடவியது. “மூணுல வச்சா...” என்று முணுமுணுத்தவர், கண்ணைத் திறந்து தலைக்கு மேலே மெதுவாகச் சுற்றிய ஃபேனைப் பார்த்தார்.

ஸ்வாதி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

“இந்த ஃபேனும் மூணுல வச்சா சத்தம் போடும்,” என்றார்.

“அப்ப, சார்?” என்றாள்.

“அப்ப இன்னா? எல்லா ஊட்டு ஃபேனும்தான் சத்தம் போடுது. அந்தப் பொண்ணு அங்க வேலை செஞ்சவளா இருக்கலாம். முன்னாடி வாடகைக்கு இருந்தவளா இருக்கலாம். தெரிஞ்சு வச்சிருக்கிறது வேற, சொந்தம்ங்கிறது வேற. அங்கேருந்து இங்க ஒரே தாவா தாவிட்டாங்க பாரு, அதான் ஓட்டை.”

“அவ சொல்றது நிஜமா இருந்தா?”

“இருக்கட்டுமே. உள்ள இருக்கிறவன் நம்பணும் இல்ல? யாரோ ஒருத்தி வந்து இது என் ஊடுன்னு நின்னா, அவனுக்கு எப்படி இருக்கும்? பயந்துட மாட்டான்?”

“பயந்துடுவார், சார்,” என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

“பரீட்சைல இது வந்தா, ஆதாரம் பத்தாதுன்னு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடு. ஒரே கேள்வியில உக்காந்துகினு இருக்கக் கூடாது.”

“என்கிட்ட வேற கேள்வி இல்ல, சார்.”

சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. சார் பதறிப்போனார். “இன்னாம்மா நீ, ஒரு கேள்விக்குப் போய் அழுவாங்களா? நாளைக்கு வா, வேற மாதிரி போட்டுப் பார்க்கலாம். இருட்டிடுச்சே, கூட்டிகினு போவ உங்க ஊட்டுக்காரர் வருவாரா?”

“வருவார், சார். கொஞ்சம் லேட்டாகும்.”

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டினாள். பின்னாலேயே வந்த அனுசுயா, கேட்டருகே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இன்னிக்கும் அண்ணனுக்கு உங்களைத் தெரியலையா, அண்ணி?”