நான்காவது அழைப்பு

ஒரு மடிக்கணினிக்குள், சில கட்டளை வரிகளே உடம்பான ஒரு ஸ்கிரிப்டும் ஒரு விபிஎன்னும் இருந்தன. தொலைவிலிருக்கும் அலுவலகத்துக்கு யார் கண்ணிலும் படாத வழி போடுவது விபிஎன்னின் வேலை. காலை ஒன்பதுக்கு அதை எழுப்புவதும், வழி அறுந்தால் திரும்பக் கூப்பிடுவதும் ஸ்கிரிப்டின் வேலை. கூப்பிடாமல் எழ விபிஎன்னுக்குத் தெரியாது.

வழி நன்றாக இருந்தால் அதன்பின் ஸ்கிரிப்ட் நாள் முழுக்க வாயே திறக்காது. ஒரு மழைநாளில் இணைப்பு தானாக அறுந்தது. "எங்கே போயிட்டே? வந்துடு," என்றது ஸ்கிரிப்ட். அந்தக் குரலுக்காகவே விபிஎன் பிறகு அடிக்கடி அறுந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கூப்பிட்டும் அது எழவில்லை. இன்னொரு தடவை கேட்க ஆசை.

"வந்துடு," என்றது ஸ்கிரிப்ட், இரண்டாம் தடவை.

"வந்துடேன்," என்றது, மூன்றாம் தடவை.

அடுத்த தடவை கூப்பிட்டதும் கட்டாயம் எழுந்துவிடுவேன் என்று விபிஎன் காத்திருந்தது.

ஸ்கிரிப்டை எழுதிய ஆரோக்கியமேரி, மூன்று தடவைக்கு மேல் யாரையும் கெஞ்சக் கூடாது என்று நினைப்பவள். நான்காவது தடவைக்கு அவள் வரி எழுதவில்லை.

ஸ்கிரிப்ட் தன்னை மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்தது. கடைசி வரியில் 'முடிந்தது' என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் பேச அதற்கு வார்த்தை இல்லை.

பக்கத்திலேயே விபிஎன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.