போன வியாழக்கிழமைக் கூட்டம்

எம்.டி. தன் அண்ணனை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கும் கூட்டம் நடக்கவில்லை. தீர்மானம் மட்டும் தயாராக இருந்தது.

அந்தக் கம்பெனியில் அது புதிதல்ல. பதினாறு வருடங்களாக அங்கே ஒரு கூட்டமும் நடந்ததில்லை. கூட்டத்தில் நடந்ததை எழுதிவைக்கும் மினிட்ஸ் புத்தகம் மட்டும் ஒன்பது தீர்ந்துவிட்டது. எல்லாம் செக்ரட்டரியின் கைவண்ணம்.

எம்.டி.க்கு அவர்மேல் அபார நம்பிக்கை. வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துவர, வாசல் சாவி, பீரோ சாவி இரண்டையும் கொடுத்தனுப்புவார். பதவி உயர்வு மட்டும் கொடுத்ததில்லை. அது வருடாவருடம் ‘அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்.’

“கோரத்துக்கு மூணு பேர் போதும்ல?” என்றார் எம்.டி.

“போதும் சார். நாலு இயக்குநர்ல மூணு பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும். நீங்க, மேடம், மேடத்தோட தம்பி. சரியா மூணு.”

“அண்ணனுக்கு நோட்டீஸ்?”

“அனுப்பினதா எழுதியாச்சு சார். பழைய விலாசத்துக்கு.”

எம்.டி. ரசித்துச் சிரித்தார். “தேதி?”

“போன வியாழக்கிழமை சார். காலைல பத்துலேருந்து ஒண்ணரை வரைக்கும்.”

“மூணரை மணி நேரமா? அண்ணனைத்தானய்யா தூக்கறோம், ஆட்சியையா கவுக்கறோம்?”

“கூடப் பிறந்தவரை அஞ்சு நிமிஷத்துல நீக்கினோம்னா கோர்ட்ல சிரிப்பாங்க சார். நீங்க நடுவுல கண்கலங்கினதாவும் எழுதியிருக்கேன்.”

“அன்னிக்குக் காலைல பூரா நான் இந்த நாற்காலியில தூங்கிட்டிருந்தேனே!”

“அப்போ உங்க வருகை மட்டும் உண்மைதான் சார்.”

எம்.டி. பக்கத்தைப் புரட்டினார். வந்திருந்தோர் பட்டியலில் கடைசியாக, ‘செக்ரட்டரி, ஆரம்பம் முதல் முடிவு வரை’ என்றிருந்தது.

“நீ எதுக்குய்யா இதுல?”

“எழுதினவன் இல்லாம மினிட்ஸ் எப்படி சார் வரும்?”

நியாயம்தான். எம்.டி. கையெழுத்திட்டார். மனைவி, எங்கே என்று கேட்டுப் போட்டாள். மச்சான் கேட்கக்கூட இல்லை. இயக்குநராக அவருக்கு இருந்த ஒரே தகுதி அது.

திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்து நின்றபோது எம்.டி.க்கு முதலில் அண்ணன் நினைவுதான் வந்தது. அண்ணன் முந்திக்கொண்டானா? மினிட்ஸ் பொய்யென்று தெரிந்தால் அவன் கம்பெனிக்குத் திரும்பி வந்துவிடுவான். இவர் ஜெயிலுக்குப் போகவேண்டும்.

“உங்க வீட்டம்மா கொடுத்த புகார் விஷயமா வந்தேன். பீரோவுல இருந்த வைர நெக்லஸ்.”

அதுவா! நேற்று முழுக்க வீட்டில் அதற்காக ஒரே ஒப்பாரி. அண்ணன் கவலையில் அது மறந்தே போயிருந்தது. போன உயிர் திரும்பி வந்து, எம்.டி. இரண்டு காபி சொன்னார்.

“பூட்டை உடைக்கலை. சாவி போட்டுத் திறந்திருக்காங்க. வீட்ல ஆள் இல்லாதது வியாழக்கிழமை காலைல மட்டும்தான். அன்னிக்குப் பதினோரு மணிக்கு உங்க செக்ரட்டரி உங்க கேட்டைத் திறந்துக்கிட்டு வெளியே வந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கார்.”

எம்.டி. மெல்லத் திரும்பினார். செக்ரட்டரி பவ்யமாக நின்றிருந்தார். கையில் மினிட்ஸ் புத்தகம். சரியான பக்கத்தில் விரல்.

“ஆனா இவர், அந்த நேரம் இங்க கூட்டத்துல இருந்தேன்கிறார். மூணு இயக்குநர் கையெழுத்தும் இருக்கு. நீங்களே சொல்லுங்க சார், எழுதியிருக்கறது உண்மையா?”

காபி வந்தது. யாரும் எடுக்கவில்லை.

“உண்மைதான். என் எதிர்லயேதான் உட்கார்ந்து எழுதிட்டிருந்தார்” என்று எம்.டி. சொன்னபோது, மினிட்ஸில் இருந்தபடியே, அவர் கண்கள் கலங்கின.