இரண்டாம் பாகத்துக் குரல்

விடுமுறையில் காதலித்துப் பிரிந்த ஜோடியைப் பூனைகள் மறுபடி சேர்த்து வைக்கும் படம், இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவளை ஒன்பது வருடம் கழித்து டப்பிங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்து மைக்கில் கதாநாயகனின் குரல், அதாவது அவளுடைய முன்னாள் கணவன்.

"சௌக்கியமா?" என்றான்.

"உங்க புண்ணியத்துல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் சொன்னார்: "அவர் மன்னிப்புக் கேட்டதும் நீங்க உருகணும், மேடம்."

திரை ஓடியது. அவன் தழுதழுத்தான். "உன்னை விட்டுட்டுப் போனது என் தப்புதான். மன்னிச்சிடும்மா."

வீட்டில் ஒருநாளும் வராத வார்த்தை, இங்கே ஒரே டேக்கில் வந்துவிட்டது. நடிப்பென்று தெரிந்தும் அவள் மைக்கை நெருங்கினாள். இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்த பதிலெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"இப்ப நீங்க, மேடம்!"

"மியாவ்" என்றாள்.

"பிரமாதம்! கதாநாயகிக்கு, இதோ உங்க பக்கத்துல நிக்கிற நம்ம சாரோட வீட்டம்மா நாளைக்கு வந்து பேசிடுவாங்க. இந்தப் பூனைக்குத்தான் ஆள் கிடைக்காம அல்லாடிட்டோம். வீட்டுல பூனை வளர்த்தீங்களோ?"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஒண்ணு வளர்த்தேன் சார். இருந்த பாலையெல்லாம் குடிச்சுட்டு, அடுத்த வீட்டோட போயிடுச்சு."